இணையத்தில் 2.75 லட்சம், கடையில் 18,000: எந்த விலையை எழுதுவது?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு அம்பாசமுத்திரம். பாளையங்கோட்டையில் வங்கி வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்து வீடியோ கேம் சேர்க்கிறேன். மீடியா என்ற டிவி கேம் பெட்டியின் கேசட்டில் ஆரம்பித்து, குவைத்திலிருந்து அத்தான் கொண்டுவந்த கேம் பாய் அட்வான்ஸ், அப்புறம் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2), பிஎஸ்3, பிஎஸ்4 என்று 140 உருப்படி ஆகிவிட்டது. பாதிக்குமேல் நானும் தம்பியும் சேர்ந்து வாங்கியவை. செல்போன் ஆப் ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தால் மொத்தம் 2.75 லட்சம் காட்டுகிறது. திருநெல்வேலியில் பழைய கேம் வாங்குகிற கடையில் கேட்டால், மொத்தமாக 18,000 தருகிறேன் என்கிறார். எது உண்மை? கணக்கில் எதை எழுதுவது? 2023 வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் நண்பன் வீட்டில் எல்லாம் போனதைப் பார்த்ததிலிருந்து இன்சூரன்ஸ் எடுக்கவும் நினைப்பு இருக்கிறது. தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். கோயம்புத்தூரில் தனிக்குடித்தனம். அவன் தன் பங்கைக் கேட்கிறான். கடைசியாக ஒன்று: ‘ஹனுமான்: பாய் வாரியர்’ பிஎஸ்2 கேம் ஒன்று சீல் பிரிக்காமல் இருக்கிறது. பிரிக்கச் சொல்லி மகன் அடம்பிடிக்கிறான். பிரிக்கலாமா? என் ஷீட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, கடைக்காரர் உங்களை ஏமாற்றப் பார்க்கவில்லை. ஆப்பும் பொய் சொல்லவில்லை. இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். ஒரு வீட்டுக்குப் பத்திர ஆபீஸில் வழிகாட்டி மதிப்பு ஒன்று, வாங்க வருகிறவர் கேட்கும் விலை ஒன்று, இடிந்தால் திரும்பக் கட்ட ஆகும் செலவு ஒன்று என்று இருப்பதை யாரும் குழப்பமாக நினைப்பதில்லை. உங்கள் அலமாரிக்கும் அதே கதைதான். இன்றைக்கே விற்றால் கைக்கு வருவது ஒரு தொகை. தொலைந்துபோனால் அதே பொருளைத் தேடித் திரும்ப வாங்க ஆவது இன்னொரு தொகை. அன்றைக்கு நீங்கள் கொடுத்து வாங்கியது மூன்றாவது. விற்கவோ பங்கு வைக்கவோ முதல் தொகை வேண்டும், இன்சூரன்ஸுக்கு இரண்டாவது வேண்டும். மூன்றாவது, பொருள் உங்களுடையதுதான் என்று காட்ட உதவும். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு எல்லா வேலையையும் முடிக்கப் பார்ப்பதால்தான் 2.75 லட்சத்துக்கும் 18,000-க்கும் நடுவில் நிற்கிறீர்கள்.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர். தீயோ வெள்ளமோ வந்துபோன பிறகு வீட்டுக்குப் போய் என்ன போயிற்று, எவ்வளவு போயிற்று என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. டிவி, கம்ப்யூட்டர், மிக்சி, மோட்டார் என்று மின்சாதனங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். என் மகனும் கேம் சேர்க்கிறவன் என்பதால் உங்கள் ஷீட்டில் இருக்கிற பெயர்கள் எனக்குப் புதிதில்லை. எங்கள் தொழிலில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்வி உண்டு. அந்தப் பொருள் இருந்ததா? அது உங்களுடையதா? அன்றைக்கு அதற்கு என்ன மதிப்பு? இந்த வரிசையில்தான் கேட்போம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவதற்குப் போகவே முடியாது. உங்கள் ஷீட்டில் 140 வரி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பெயரும் விலையும் இருக்கின்றன. அதாவது மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒரு படம்கூட இல்லை. எது முழுப் பெட்டி, எது வெறும் டிஸ்க் என்று இல்லை. எது எந்த நாட்டுப் பிரதி என்று இல்லை. விலையை எழுதுவதற்கு முன்னால் பொருளை எழுதுங்கள். விலை வருஷத்துக்கு வருஷம் மாறும், எப்போது வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். பொருள் போனபிறகு அது எப்படி இருந்தது என்பதை எங்கே போய்த் தேடுவது?

முதலில் 2.75 லட்சம் எப்படி வந்தது என்று பார்ப்போம். கேம் சேர்ப்பவர்கள் அதிகம் பார்க்கும் தளம் பிரைஸ்சார்ட்டிங். அது முக்கியமாக ஈபே தளத்தில் விற்று முடிந்த விலைகளிலிருந்து கணக்கெடுக்கிறது. சிஎல்இசட் கேம்ஸ் போன்ற ஆப்களும் விலையை அங்கிருந்துதான் வாங்குகின்றன. விற்றவர் கேட்ட விலையை விட்டு, வாங்கினவர் கொடுத்த விலையைப் பார்ப்பது நல்ல முறைதான், அதில் குறையில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு கேமுக்கும் குறைந்தது மூன்று விலை இருக்கிறது: வெறும் டிஸ்க் அல்லது கேசட், பெட்டியும் புத்தகமும் சேர்ந்த முழு செட், சீல் பிரிக்காத புதுசு. பல கேம்களில் முதல் விலைக்கும் இரண்டாவதற்கும் பெரிய இடைவெளி. பழைய கேசட் கேம்களில் அது இன்னும் கூடுதல், ஏனென்றால் அந்த அட்டைப் பெட்டியை நம்மில் யார் பத்திரமாக வைத்தோம்? உங்கள் ஷீட்டில் 140 வரியிலும் முழு செட்டின் விலையே இருக்கிறது. பர்ஸ் மாதிரி சிடி பையில் போட்டு வைத்திருக்கும் பிஎஸ்2 டிஸ்க்குகளுக்கும், பெட்டியே இல்லாத கேம் பாய் கேசட்டுகளுக்கும் கூட அப்படித்தான் போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் சரிசெய்தாலே மொத்தம் நிறைய இறங்கும்.

அடுத்தது நாடு. பிஎஸ்2 கேம்கள் பிரதேசத்துக்குப் பூட்டப்பட்டவை. அமெரிக்க பிஎஸ்2-வில் ஐரோப்பிய டிஸ்க் ஓடாது, நம் ஊரில் விற்ற கேம் கன்சோலில் அமெரிக்க டிஸ்க் ஓடாது. ஆகவே அமெரிக்காவில் ஒருவர் அமெரிக்கப் பிரதிக்குக் கொடுத்த விலை உங்கள் கையிலிருக்கும், பால் (PAL) என்று சொல்லும் ஐரோப்பிய வகைப் பிரதியின் விலை ஆகாது. பிஎஸ்3-யிலும் பிஎஸ்4-லும் டிஸ்க்குகள் பெரும்பாலும் எங்கும் ஓடும், கேம் பாய் அட்வான்ஸுக்குப் பூட்டே கிடையாது. இருந்தாலும் எந்த நாட்டுப் பிரதி என்பதை எழுதத்தான் வேண்டும், சேர்ப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். கண்டுபிடிப்பது சுலபம். பெட்டியில் வயது அடையாளத்தைப் பாருங்கள். இஎஸ்ஆர்பி என்றால் அமெரிக்கா, பெகி என்றால் ஐரோப்பா வழி வந்தது, செரோ என்றால் ஜப்பான். அத்தான் குவைத்தில் வாங்கியதில் அமெரிக்க, ஐரோப்பிய வகை இரண்டும் கலந்திருக்கலாம், ஒவ்வொன்றாகப் பாருங்கள். பார்கோடை ஸ்கேன் செய்யும்போது ஆப் வேறு நாட்டுப் பிரதியை எடுத்துப் போட்டிருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

மூன்றாவது, டாலர். ஆப் டாலரை ரூபாயாக்கிக் காட்டுகிறது. ரூபாய் இறங்கினால், கேமுக்கு ஒரு மாற்றமும் இல்லாமலே உங்கள் மொத்தம் ஏறும். அதனால் டாலர் விலை, அன்றைய மாற்று விகிதம், பார்த்த தேதி மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள். தேதி இல்லாத விலையை நான் எந்தக் கோப்பிலும் ஏற்பதில்லை.

சரி, அசல் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கேட்க உங்களுக்கு வருத்தமாக இருக்கும். அந்தக் காலத்தில் நம் ஊரில் பிஎஸ்2 வாங்கினால் காப்பி டிஸ்க்கும் ஓடுவதற்காகக் கடையிலேயே சிப் போட்டுக் கொடுப்பதும், கூடவே காப்பி டிஸ்க் பத்துப் பதினைந்து தருவதும் சாதாரணம். அப்படி வந்த டிஸ்க்குகளுக்கு விற்பனை விலை என்று எதுவும் கிடையாது, இன்சூரன்ஸிலும் கிடையாது. உங்களுக்கு அவை எவ்வளவு பிரியமானவையாக இருந்தாலும் மதிப்புக் கட்டத்தில் சுழியம்தான். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அசல் பிஎஸ்1 டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுப்பு. பிஎஸ்2-வில் சிடியாக வந்த அசல் கேம்களின் அடிப்பக்கம் நீலம், டிவிடியாக வந்தவை வெள்ளி. கம்ப்யூட்டரில் பதிவு செய்த காப்பி டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்தால் ஊதா நிறச் சாயம் தெரியும். காப்பியை அச்சடித்தே விற்றவர்களும் உண்டு என்பதால் நடு வளையத்தையும் பாருங்கள், அசலில் ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் பொடி எழுத்து இருக்கும்.

கேசட்டிலும் இதே பிரச்சினை. உங்கள் பட்டியலில் இருக்கும் போக்கிமான் எமரால்டு உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் கேசட்டுகளில் ஒன்று. அசலில், கேசட்டின் அடியில் தெரியும் உலோகக் கால்களுக்கு மேலே, போர்டில், தயாரிப்பு நிறுவனமான நின்டெண்டோவின் பெயரைப் பார்க்கலாம். ஸ்டிக்கரின் மேல் அழுத்திப் பதித்த இரண்டு பொடி எண்கள் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அதில் பேட்டரி தீர்ந்துவிட்டதாகத் திரையில் செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். போக்கிமான் ரூபி, சஃபையர், எமரால்டு மூன்றிலும் அந்தப் பேட்டரி கடிகாரத்துக்குத்தான். விளையாட்டு சேமிப்பு அதை நம்பி இல்லை. பேட்டரியை மாற்றியிருந்தால் மாற்றிய தேதியை எழுதுங்கள், அவ்வளவுதான். மீடியா பெட்டியும் ‘9999999 இன் 1’ கேசட்டும் உள்ளூர் ஞாபகப் பொருட்கள். ஜப்பானில் 1983-ல் வந்த ஃபேமிகாம் என்ற கன்சோலின் நகல்கள் அவை. ஆப்பில் அவற்றுக்கு விலை தேடிப் பொழுதைப் போக்காதீர்கள். படம் எடுத்து, ஓடுகிறதா இல்லையா என்று எழுதி வைத்தால் போதும்.

டிஸ்க்கின் நிலையை எழுதுவதற்கு நேரம் செலவழியுங்கள், அங்கேதான் பணம் இருக்கிறது. ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சிடியில் தகவல் அடுக்கு மேற்பக்கத்து அச்சுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. அடியில் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம், மேலே படத்தின் மீது ஆழமாகக் கீறினால் தீர்ந்தது. டிவிடியில் தகவல் சரிபாதி ஆழத்தில், சுமார் 0.6 மில்லிமீட்டரில் இருக்கிறது. அதையும் மெஷினில் போட்டுத் தேய்க்கலாம். பிஎஸ்3, பிஎஸ்4-ல் வரும் புளூ-ரேவில் அடியிலிருந்து 0.1 மில்லிமீட்டரிலேயே தகவல் அடுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் அதன்மேல் கடினமான பூச்சு போட்டிருக்கிறார்கள். அந்தப் பூச்சையும் மீறி விழுந்த கீறலைத் தேய்க்கப் போனால் இருக்கிற தகவலும் போய்விடும். கடையில் தேய்த்துத் தருகிறோம் என்று சொன்னால் புளூ-ரேவைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்கையும் போட்டு ஓட்டிப் பார்த்து, ஓட்டிய தேதியை எழுதுங்கள். வாங்க வருகிறவரும் சர்வேயரும் நம்புகிற வாக்கியம் ‘இந்தத் தேதியில் ஓடியது’ என்பதுதான்.

நம் பக்கத்துச் சீதோஷ்ணத்துக்கு இன்னொரு கவனம் வேண்டும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, தென்காசிப் பக்கம் ஆனி ஆடியில் சாரல் காற்று, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. அட்டையும் புத்தகமும் பூஞ்சை பிடிப்பது அப்போதுதான். முழு செட் என்பதே அந்தக் காகிதங்களை நம்பித்தான் இருக்கிறது. பீரோவில் போடுகிற பாச்சா உருண்டையைக் கேம் பெட்டிகளோடு வைக்க வேண்டாம், அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சிலிக்கா பொட்டலம் போதும். கணக்குப் பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை என்று ஆயுத பூஜைச் சமயத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். எப்படியும் எல்லாச் சாமானையும் இறக்கித் துடைக்கிற நாள், வடகிழக்கு மழைக்கு முன்னால் வருகிறது. எடுத்தது எடுத்தபடி படம் பிடித்து, ஷீட்டையும் திருத்தி, திரும்ப அடுக்கிவிடலாம். மாதாமாதம் விலை பார்ப்பது வீண் வேலை. 140-ல் பெரும்பாலானவை வருஷம் முழுக்க அசையாதவை. வருஷா வருஷம் வருகிற கால்பந்து, கிரிக்கெட் கேம்கள் அடுத்த பதிப்பு வந்ததும் மதிப்பிழந்துவிடும், அவற்றை ஒரே கட்டாகப் போட்டு ஒரு தொகை எழுதுங்கள். விலையுள்ள ஒரு இருபது கேமை மட்டும் தனித்தனியாகப் பாருங்கள். உங்கள் மொத்தத்தில் பெரும்பங்கு அந்த இருபதில்தான் இருக்கும்.

செல்போனில் லட்சக்கணக்கு விலை வந்த செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். 2021 ஜூலையில் ஹெரிடேஜ் ஏலத்தில் ‘சூப்பர் மரியோ 64’ ஒரு பிரதி 15.6 லட்சம் டாலருக்குப் போனது உண்மை. அது சீல் பிரிக்காதது, தரம் பார்க்கும் நிறுவனம் 9.8 என்று மதிப்பெண் போட்டுக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்தது. கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்திருந்த உலகம் பழைய கேம்களை வாங்கித் தள்ளிய சமயம் வேறு. அப்போது ஏறிய பல விலைகள் பிறகு இறங்கின. அந்த ஏலத்துக்கும் உங்கள் அலமாரிக்கும் சம்பந்தமில்லை.

இணையக் கடையில் வாங்கி டவுன்லோடு செய்தவற்றையும் உங்கள் பட்டியலில் விலையோடு சேர்த்திருக்கிறீர்கள். அவற்றை எடுத்துவிடுங்கள். பிளேஸ்டேஷன் கணக்கில் வாங்கிய கேமை இன்னொருவருக்கு விற்க முடியாது, தம்பிக்குப் பங்காகவும் பிரித்துக் கொடுக்க முடியாது. கடைகள் மூடுவதும் உண்டு. நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ என்ற இரண்டு கன்சோல்களின் இணையக் கடையும் 2023 மார்ச் 27 அன்று மூடப்பட்டது. டிஸ்க் கையில் இருந்தால்கூடச் சில சமயம் பிரயோஜனமில்லை. உங்கள் பட்டியலில் இருக்கும் ‘தி க்ரூ’ முழுக்க இணையத்தை நம்பிய கேம், அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் அதன் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. அந்த டிஸ்க்கில் இப்போது விளையாட முடியாது. விலைப் பட்டியலில் ஏதோ ஒரு தொகை காட்டும், நீங்கள் சுழியம் போடுங்கள்.

இப்போது கடைக்காரரின் 18,000. அவர் உங்கள் 140-ஐயும் ஒன்றாக அள்ளிக்கொள்கிறார். ஓடாதது, காப்பி, யாரும் வாங்காத பழைய கால்பந்து எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வொன்றையும் துடைத்து, ஓட்டிப் பார்த்து, மாதக்கணக்கில் அலமாரியில் வைத்து விற்று, தன் லாபத்தையும் எடுக்க வேண்டும். அந்தத் தொகையில் இதெல்லாம் கழிந்திருக்கிறது. நீங்களே ஒவ்வொன்றாக ஓஎல்எக்ஸிலோ கேம் சேர்ப்பவர்களின் குழுக்களிலோ விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு உங்கள் பொழுது போகும், பார்சல் செலவும் பேரமும் உண்டு. நல்ல இருபதைத் தனியாக விற்று மீதியைக் கடையில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஓஎல்எக்ஸில் ஒருவர் 8,000 என்று போட்டிருப்பதைப் பார்த்து அதுதான் விலை என்று எழுதாதீர்கள். அது அவர் ஆசைப்படும் தொகை. மாதக்கணக்காக அந்த விளம்பரம் அங்கேயே இருந்தால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். நீங்கள் சொந்தமாக அனுபவித்த பொருளை எப்போதாவது விற்பதில் மூலதன லாப வரி வராது. வருமான வரிச் சட்டம் சொந்த உபயோகச் சாமான்களை மூலதனச் சொத்தாக எண்ணுவதில்லை. வாங்கி வாங்கி விற்க ஆரம்பித்தால் அது வியாபாரம், அந்தக் கணக்கு வேறு.

இன்சூரன்ஸ் பற்றி விரிவாகச் சொல்கிறேன், நீங்கள் கேட்டதில் இதைத்தான் தள்ளிப்போடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-ல் என்ன நடந்தது என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் சுற்றுத் தெருக்களும் தண்ணீருக்குள் போயின. அந்த நஷ்டங்களைப் பார்க்கப் போனபோது பல வீடுகளில் பொருளும் இல்லை, பொருள் இருந்ததற்கான அடையாளமும் இல்லை. நாற்றம் தாங்காமல் சேற்றோடு சேர்த்து எல்லாவற்றையும் தெருவில் தள்ளி, நகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போயிருந்தது. பில் கேட்டால் பில்லும் அதே அலமாரியில்தான் இருந்தது என்பார்கள். பத்திரமாக வைத்திருந்த பில்லும் வெறும் வெள்ளைத் தாளாக இருக்கும், ஏனென்றால் கடைகளில் வெப்பத்தில் அச்சடித்துத் தரும் பில் நாளாக ஆக மங்கி அழிந்துவிடும். கஷ்டப்பட்டுச் சேர்த்த மனிதர் எதிரே நின்றுகொண்டு, என்னென்ன இருந்தது என்று விரல்விட்டு ஞாபகப்படுத்திச் சொல்லும்போது, அதை எழுதிக்கொள்ள எனக்கு மனது வலிக்கும். நம்புவேன், ஆனால் என் நம்பிக்கையைக் கோப்பில் வைக்க முடியாது.

அதனால் இந்த வாரமே இதைச் செய்யுங்கள். பில்களையெல்லாம் செல்போனில் படம் எடுங்கள். ஆன்லைனில் வாங்கியவற்றுக்கு மெயிலில் ரசீது கிடக்கும், தேடி ஒரே இடத்தில் சேருங்கள். பில் இல்லாததற்கு வங்கிக் கணக்கில் அந்தத் தேதி வரியாவது கிடைக்கும். அத்தான் கொடுத்ததற்கு ‘இன்ன வருஷம் குவைத்திலிருந்து அத்தான்’ என்று எழுதினால் போதும், அன்று எடுத்த பழைய போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. அலமாரியை முழுதாக ஒரு வீடியோ, பிறகு விலையுள்ள இருபதை முன், பின், உள்ளே, டிஸ்க்கின் அடி என்று தனித்தனியாகப் படம். பிஎஸ்2, பிஎஸ்3, பிஎஸ்4 கன்சோல்களின் பின்னால் இருக்கும் சீரியல் எண்ணையும் விட்டுவிடாதீர்கள். இவ்வளவையும் கூகுள் டிரைவில் ஏற்றி, இன்னொரு ஊரில் இருப்பவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் தம்பி கோயம்புத்தூர் போவது இதற்கு வசதி. நண்பர்களிடம் இரவல் போயிருக்கிற கேம்களுக்கு ஷீட்டில் ஒரு கட்டம் போடுங்கள், யாரிடம், எந்தத் தேதியில் என்று. பல சேகரிப்புகள் வெள்ளத்தைவிட இரவலில்தான் அதிகம் கரைகின்றன.

பாலிசி என்று வந்தால், 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டைத் தர வேண்டும் என்று விதி வந்தது. வெள்ளம், புயல், தீ, இடி எல்லாம் அதில் அடங்கும். கட்டடத்தோடு வீட்டுச் சாமான்களையும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, சாமான்களுக்குத் தனிப்பட்டியல் கொடுக்காமலே காப்பு உண்டு. வாடகை வீடாக இருந்தால் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். வெள்ளமோ தீயோ வந்து, அதன் தொடர்ச்சியாக ஏழு நாளுக்குள் நடந்த திருட்டுக்குத்தான் இதில் இடமுண்டு. சும்மா பூட்டை உடைத்து எடுத்துக்கொண்டு போனால் இதில் வராது, அதற்குத் தனியாகக் காப்பு எடுக்க வேண்டும். இன்னொன்று, நகை, ஓவியம், அரிய பொருட்கள் போன்றவற்றைச் சாதாரணச் சாமானிலிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் விளையாடுகிற டிஸ்க்குகளும் கன்சோல்களும் சாதாரண வீட்டு மின்சாதனங்களோடு போகும். சேகரிப்புக்காகவே சீல் பிரிக்காமல் வைத்திருக்கும் பொருள் எதில் சேரும் என்ற கேள்வி, நஷ்டம் நடந்த பிறகு எழுந்தால் உங்களுக்குத்தான் தொந்தரவு. பாலிசி எடுக்கும்போதே பட்டியலைக் காட்டி, இது எந்தப் பிரிவில் வருகிறது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் வாயால் சொன்னது போதாது. கட்டத்தில் போடும் தொகை, திரும்ப வாங்க ஆகும் செலவு. இந்தியாவில் கிடைப்பதற்கு இந்திய விலை, கிடைக்காததற்கு வெளிநாட்டு விலையோடு அனுப்பும் கூலியும் சுங்கவரியும்.

ஒருவேளை தண்ணீர் வந்துவிட்டால் எதையும் தூக்கி எறியாதீர்கள். சுவரில் தண்ணீர் ஏறிய கோடு தெரியும்படி, பொருள் கிடக்கும் இடத்திலேயே படம் எடுத்து, நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். நனைந்த கன்சோலை ஓடுகிறதா பார்ப்போம் என்று பிளக்கில் சொருக வேண்டாம். டிஸ்க்குகளை நல்ல தண்ணீரில் அலசி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடைத்துக் காயவைத்தால் பலவும் பிழைத்துக்கொள்ளும். சிடி, டிவிடி சேற்றுக்குச் சாகாது, சேற்றோடு போட்டுத் தேய்ப்பதில்தான் சாகும்.

பங்கு விஷயம். உங்கள் தம்பியிடம் 2.75 லட்சத்தில் பாதி என்றோ, 18,000-ல் பாதி என்றோ பேச ஆரம்பிக்காதீர்கள். முதல் கணக்கில் நீங்கள் அவருக்கு 1.375 லட்சம் கொடுக்க வேண்டி வரும், இரண்டாவதில் அவர் 9,000-ஐ வாங்கிக்கொண்டு சிறுவயதை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். இரண்டு பேருக்கும் மனத்தாங்கல்தான் மிஞ்சும். பொருளாகவே பிரியுங்கள். அவரவர் தனியாக வாங்கியதை முதலில் ஒதுக்குங்கள், அத்தான் யாருக்கென்று கொடுத்தாரோ அது அவருக்கு. சேர்ந்து வாங்கியதை நிலம் பிரிக்கிற மாதிரியே செய்யலாம்: ஒருவர் இரண்டு பங்காக வைக்க, மற்றவர் எது வேண்டும் என்று எடுக்கட்டும். வைக்கிறவருக்கு எது வந்து சேரும் என்று தெரியாததால் சமமாகத்தான் வைப்பார். ஒரு தொடரின் பாகங்களைப் பிரிக்க வேண்டாம், கன்சோலையும் அதன் கேம்களையும் பிரிக்க வேண்டாம். விலையுள்ள இருபதில் ஏற்றத்தாழ்வு வந்தால் மட்டும், தனியாக விற்றால் கிடைக்கும் விலையை வைத்துப் பணமாகச் சரிசெய்யுங்கள். மெமரி கார்டை மறக்காதீர்கள். பிஎஸ்2-வில் நீங்கள் இருவரும் ஆடிய ஆட்டமெல்லாம் அதில்தான் இருக்கிறது, இன்னொரு கார்டுக்கு நகல் எடுத்து இருவரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். கல்யாண வேலை நெருக்கும் முன் இதை முடித்துவிடுங்கள்.

கடைசியாக, சீல் பிரிக்காத ‘ஹனுமான்: பாய் வாரியர்’. ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் செய்து 2009-ல் வந்தது, முழுக்க இந்தியாவில் உருவான முதல் பிஎஸ்2 கேம். இந்தியச் சந்தைக்கென்று வந்தது என்பதால் வெளிநாட்டுத் தளங்களில் அதன் விற்பனை அபூர்வம். நாலைந்து விற்பனையைக்கூடக் காட்ட முடியாத பொருளுக்கு ஆப் காட்டும் விலை நம்பத்தக்கதில்லை. அதற்கு விலைக் கட்டத்தை காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். பிரிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நம் நாட்டில் நம் ஆட்கள் செய்த கேம், அச்சிட்ட இந்திய விலையோடு, வெளிவந்த கோலத்திலேயே இருப்பது இனிமேல் குறைந்துகொண்டேதான் போகும், சீலைக் கிழித்தால் திரும்ப ஒட்ட முடியாது. மகனுக்கு விளையாட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதே கேமின் பிரித்த பிரதி ஒன்று குழுக்களில் கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள், கிடைக்கும்வரை இருக்கிற 139-ல் அவனுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். சீல் பெட்டியின் பின்பக்கம் விலை அச்சிட்ட இடம், பார்கோடு, பிளாஸ்டிக் உறையின் மடிப்பு மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து ஷீட்டில் முதல் வரியாகச் சேருங்கள்.